‘சிக்கன் மெட்ராஸ்’ சென்னையில் கிடைக்காது: இங்கிலாந்தின் இந்திய உணவகத்துக்கு முதல்முறை போகிறவருக்கு

கேள்வி: கோவையிலிருந்து லீட்ஸுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வரும் வெள்ளிக்கிழமை ராத்திரி டீமோடு பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்தியன் ரெஸ்டாரண்டுக்குப் போகிறோம். என்னையும் சேர்த்து 7 பேர். ‘உனக்குத்தானே தெரியும், நீயே எல்லாருக்கும் ஆர்டர் பண்ணிடு’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மெனுவை எடுத்துப் பார்த்தால் பாதிப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் சைவம். டீமில் ஒரு பெண்ணுக்கு நட்ஸ் அலர்ஜி. எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அந்த மெனு புரியவில்லை என்பதில் நீங்கள் கூச்சப்பட எதுவும் இல்லை. அது கோவைக்காரருக்கோ டெல்லிக்காரருக்கோ எழுதிய மெனு அல்ல. இங்கிலாந்துக்காரர்களின் நாக்குக்காக, இங்கிலாந்திலேயே உருவான தனிச் சமையல் அது. அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்தவர்கள். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மீதியெல்லாம் சுலபம். நான் இங்கே படிக்க வந்த புதிதில் இரண்டு வருடம், வார இறுதிகளில், இப்படியொரு உணவகத்தில் வேலை பார்த்தேன். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தேன், பிறகு பரிமாறினேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

கொஞ்சம் பின்கதை. டேபிளில் யாராவது கேட்பார்கள், உங்களுக்கும் உதவும். லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகம் 1810-இல் திறந்தது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் போர்ட்மன் சதுக்கம் பக்கத்தில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ என்று தொடங்கினார். இரண்டே வருடத்தில் நொடித்துப்போனார். 1926-இல் ரீஜன்ட் தெருவில் ‘வீராசாமி’ வந்தது. பெயர் நம்மூர்ப் பெயர் போல இருந்தாலும் தொடங்கியவர் எட்வர்ட் பாமர். அது வசதியானவர்களுக்கான இடம். ஊருக்கு ஊர், தெருமுனைக்குத் தெருமுனை நீங்கள் பார்க்கும் ‘லோக்கல் இந்தியன்’ அந்த வழியில் வந்ததல்ல. ஆங்கிலேயர்களின் கப்பல்களில் கொதிகலன் அறையிலும் அடுப்படியிலும் வேலை பார்த்த சில்ஹெட் கப்பல்காரர்கள் துறைமுகங்களில் இறங்கித் தங்கினார்கள். சின்னச் சின்னக் கடைகள் போட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மீன் வறுவல் கடைகளை வாங்கி, ஒரு பக்கம் மீனும் உருளைக்கிழங்கும், இன்னொரு பக்கம் கறியும் சோறும் விற்றவர்கள் உண்டு. மதுக்கடைகள் மூடிய பிறகும் இந்தக் கடைகள் திறந்திருந்தன. பசியோடு வந்த கூட்டம் அப்படியே பழகிக்கொண்டது. 1971-இல் அவர்களுடைய நாடு வங்கதேசமானது. ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த சொல் ‘இந்தியன்’தான் என்பதால் பலகை மாறவில்லை.

அதனால் உள்ளே போய் பரிமாறுபவரிடம் இந்தியில் பேசத் தொடங்க வேண்டாம். அவருக்கு சில்ஹெட்டி, வங்காளி, ஆங்கிலம் தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் உங்களைவிட நன்றாக யார்க்‌ஷையர் ஆங்கிலம் பேசுவார். ‘பாய்’ என்று கூப்பிடுங்கள். வங்காளியில் அது ‘அண்ணா’ மாதிரி. முகம் மலர்வதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது சமையலறைக்கு வருகிறேன், ஏனென்றால் மெனுவின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு குழம்பையும் தனித்தனியாகத் தாளித்துக் கொதிக்க வைக்கிறோம். இங்கே அப்படி முடியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அறுபது பேருக்கும் வேறு வேறு பெயரில் குழம்பு வேண்டும். அதனால் மத்தியானமே பெரிய அண்டாவில் நிறைய வெங்காயம், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் கேரட், குடைமிளகாய், மஞ்சள்தூள் எல்லாம் போட்டு வேகவைத்து, மையாக அரைத்து வைத்துவிடுவார்கள். ‘பேஸ் கிரேவி’ என்பது அதன் பெயர். கோழியும் ஆட்டிறைச்சியும் முன்கூட்டியே அரைவேக்காட்டுக்கு மேல் வெந்து தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் அலுமினியச் சட்டியில் எண்ணெய், பூண்டு, மசாலாப் பொடி, தக்காளி விழுது, ஒரு கரண்டி பேஸ் கிரேவி. பெரிய தீயில் சட்டியின் ஓரம் லேசாகக் கருகி ஒட்டும். அதைச் சுரண்டிக் கலக்கி, இன்னும் ஒரு கரண்டி. ஏழெட்டு நிமிடத்தில் தட்டு வெளியே போகும். கருகி ஒட்டியதைச் சுரண்டும் அந்த இடத்தில்தான் இந்தச் சமையலின் தனி வாசனை பிறக்கிறது. நல்ல சமையல்காரரையும் சுமாரானவரையும் அந்த ஒரு நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடலாம். வேகத்துக்காக அவர்கள் கண்டுபிடித்த இந்த முறையை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

இது தெரிந்தால் மெனு தானாகத் திறந்துகொள்ளும். அடித்தளம் ஒன்று, மேலே சேர்ப்பது மட்டும் வேறு. கோர்மா என்றால் தேங்காய்ப் பொடி, கிரீம், பாதாம், சர்க்கரை. காரம் துளியும் இருக்காது. முகலாய்க் குர்மாவோடும் நம் பரோட்டாக் குருமாவோடும் ஒப்பிடாதீர்கள், அது வேறு பொருள். பூனா என்றால் நன்றாகச் சுண்டிய, கெட்டியான மசாலா. தோப்பியாஸா என்றால் வெங்காயம் இரண்டு கட்டமாகச் சேரும், ஒன்று கரைந்தது, ஒன்று பெரிய துண்டாக. ரோகன் ஜோஷ் பெயர் காஷ்மீருடையது, ஆனால் இங்கே மேலே வதக்கிய தக்காளி வரும். ஜல்ஃப்ரேஸி என்றால் பச்சை மிளகாய், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் புதிதாக வதங்கியது. என் கணக்கில் இந்த மெனுவின் மிக நல்ல உருப்படிகளில் ஒன்று. பாத்தியா இனிப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்தது. தன்சாக் என்பது பார்சி வீடுகளின் பருப்பு-இறைச்சிச் சமையல். இங்கே பருப்போடு எலுமிச்சையும், சில இடங்களில் அன்னாசித் துண்டும் சேரும். பழைய மெனுக்களில் ‘சாம்பார்’ என்றே ஒரு கறி இருக்கும், அதிலும் கோழி போட்டிருக்கும். பருப்பும் புளிப்பும் காரமும் என்பதற்கான பெயர் அது, நம் சாம்பாரை எதிர்பார்த்துக் கேட்டுவிடாதீர்கள். ‘சிலோன்’ என்று போட்டிருந்தால் தேங்காயும் காரமும்.

‘மெட்ராஸ்’ உங்களைத் தடுமாற வைத்திருக்கும். அது சென்னையில் யாரும் சமைக்கிற குழம்பு அல்ல. மிளகாய்த்தூள் கூடுதலாகவும் எலுமிச்சைப் புளிப்போடும் இருந்தால் மெட்ராஸ். அதற்கும் மேலே விண்டாலூ. கோவாவில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த, வினிகரும் பூண்டும் சேர்ந்த பன்றிக்கறி அதன் மூலம்; பெயரும் போர்ச்சுக்கீசியப் பெயரின் திரிபுதான். இங்கே ‘ஆலூ’ என்று காதில் விழுந்ததாலோ என்னவோ உருளைக்கிழங்கு உள்ளே வந்து நிரந்தரமாகிவிட்டது. அதையும் தாண்டியது பால். நாம் குடிக்கும் பால் அல்ல, ‘ஃபால்’ என்று உச்சரிப்பார்கள். காரத்துக்காகவே இங்கே பிறந்த குழம்பு. யாராவது வீம்புக்கு அதைக் கேட்டால் தடுத்துவிடுங்கள். அதில் ருசிக்க எதுவும் இல்லை, மறுநாள் வரைக்கும் வயிறு எரிவதுதான் மிச்சம். உங்கள் டீமில் யாருக்கும் இது புதிதாக இருக்காது, ஆனால் ‘இந்தியர்கள் எல்லாரும் விண்டாலூதானே சாப்பிடுவீர்கள்’ என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

சிக்கன் டிக்கா மசாலாவைப் பற்றியும் பேச்சு வரும். 2001-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், அதுதான் உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று மேடையில் பேசினார். தந்தூரி அடுப்பில் சுட்ட கோழித் துண்டுக்குச் சாறு வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதிலிருந்து வந்தது என்பார்கள். கிளாஸ்கோவில் ஒரு உணவகம் அதற்கு உரிமை கொண்டாடுகிறது. பால்ட்டி என்பது 1970-களில் பர்மிங்காமில் உருவானது. மெல்லிய இரும்புச் சட்டியில் சமைத்து அதே சட்டியில் கொண்டுவருவார்கள், சோறு இல்லாமல் ‘நான்’ ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம்.

இன்னொன்று, நம் பங்கும் இதில் இருக்கிறது. அவர்கள் சொல்லும் ‘கறி’ நம் கறி. ‘பாப்படம்’ நம் பப்படம். ‘மல்லிகட்டானி சூப்’ என்று மெனுவின் மேலே இருந்தால் அது மிளகுத்தண்ணீர். மெட்ராஸ் ராஜதானியில் இருந்த வெள்ளைக்காரர்கள் ரசத்தை வைத்துக்கொண்டு சூப்பாக்கிய கதை. இதைச் சொன்னால் டேபிளில் எல்லாருக்கும் பிடிக்கும். சொல் தமிழ், கை சில்ஹெட்காரர்களுடையது, சாப்பிடுபவர் யார்க்‌ஷையர்க்காரர். எனக்கு இது எப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது மிக முக்கியமானது, அந்தப் பெண்ணின் அலர்ஜி. மற்ற எதில் தவறினாலும் பரவாயில்லை, இதில் கூடாது. 2014-இல் இதே யார்க்‌ஷையரின் வடபகுதியில், நட்ஸ் இல்லாமல் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வாங்கிய டிக்கா மசாலாவைச் சாப்பிட்ட ஒருவர் இறந்துபோனார். செலவைக் குறைக்க, பாதாம் பொடிக்குப் பதிலாக வேர்க்கடலை கலந்த பொடியை வாங்கியிருந்தார்கள். 2016-இல் உரிமையாளருக்கு 6 வருடச் சிறை. அதே 2014-இன் கடைசியிலிருந்து, 14 வகை அலர்ஜிப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டியது இங்கே சட்டம். வேர்க்கடலையும் மற்ற கொட்டைகளும் அதில் தனித்தனி வகைகள். எள், கடுகுகூட உண்டு. ஆகவே டேபிள் பதிவு செய்ய போன் பண்ணும்போதே சொல்லுங்கள். உட்கார்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். ‘கோர்மாவில் மட்டும்தானே இருக்கும்’ என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். கோர்மா, பசந்தா, டிக்கா மசாலா, பெஷாவரி நான் ஆகியவற்றில் பாதாமோ முந்திரியோ இருப்பது வழக்கம். ஒரே கரண்டி பல சட்டிகளில் புழங்கும் அடுப்படி அது, நான் நேரில் பார்த்தது. வேர்க்கடலையா, மற்ற கொட்டைகளா, எவ்வளவு கடுமை என்று அந்தப் பெண்ணிடமே முன்னால் கேட்டுவிடுங்கள். பரிமாறுபவர் ‘ப்ராப்ளம் இல்லை’ என்று சட்டென்று சொல்லிவிட்டால் விடாதீர்கள், சமையல்காரரைக் கேட்டுவரச் சொல்லுங்கள். உறுதியாகச் சொல்லத் தயங்கினால் வேறு இடத்துக்குப் போவதில் தவறே இல்லை. எங்கே போனாலும் அந்தப் பெண்ணின் தட்டு அவருக்கு மட்டும் தனியாக வரட்டும், நடுவில் வைத்துப் பங்கிடுவதில் அவரைச் சேர்க்காதீர்கள். கரண்டி மாறினால் போதும், எல்லா எச்சரிக்கையும் வீண்.

மற்ற ஆறு பேருக்கு ஆர்டர். இங்கே இரண்டு பழக்கம் உண்டு. ஆளுக்கொரு கறி எடுத்துத் தன் தட்டைத் தானே சாப்பிடுவது ஒன்று, எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்வது இன்னொன்று. எது என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். பகிர்வதானால் ஆறு பேருக்கு ஐந்து மெயின் தாராளம். நம்மவர்கள் முதல்முறை ஏமாறும் இடம் சோறு. கறியின் விலையில் சோறு சேராது, தனியாகச் சொல்ல வேண்டும். மீல்ஸ் பழக்கத்தில் காத்திருந்தால் குழம்பு மட்டும் வந்து நிற்கும். பிலாவ் ரைஸ் ஒரு கிண்ணம் சுமாராக ஒன்றரை ஆளுக்கு வரும், நான்கு போதும். ‘நான்’ ரொட்டி பெரியது, இரண்டு பேருக்கு ஒன்று.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி ‘பாப்படம்ஸ்?’ என்பதாகத்தான் இருக்கும். சரி சொல்லுங்கள், ஆளுக்கு ஒன்றும் மேலே ஒன்றிரண்டும். மாங்காய்ச் சட்னி (தேன்போல இனிக்கும், நம் தொக்கு அல்ல), நறுக்கிய வெங்காயம், புதினாத் தயிர், எலுமிச்சை ஊறுகாய் என்று ஒரு தட்டு கூடவே வரும். அந்த ஊறுகாய்த் தட்டுக்கும் பல இடங்களில் ஆள்கணக்கில் காசு உண்டு. ‘ஆனியன் பாஜி’ நம் பஜ்ஜி இல்லை, எலுமிச்சை அளவுக்கு உருட்டிய வெங்காயப் பக்கோடா. சூடாக வந்தால் அருமை.

நீங்கள் சைவம் என்பதால் மெனுவின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், ‘வெஜிடபிள் சைட் டிஷஸ்’ என்று இருக்கும். உங்கள் சாப்பாடு அங்கேதான். மெயினில் இருக்கும் ‘வெஜிடபிள் கறி’ பெரும்பாலும் உறைந்த காய்கறிக் கலவையை அதே குழம்பில் போட்டது. எனக்கு அது என்றுமே பிடித்ததில்லை. தட்கா தால் (தாளித்த பருப்பு), சாக் ஆலு (கீரையும் உருளைக்கிழங்கும்), சன்னா மசாலா, பிரிஞ்சல் பாஜி, பிண்டி (வெண்டைக்காய்) பாஜி இவற்றில் இரண்டு மூன்று சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ‘பாஜி’ என்றால் வதக்கல், ஆனியன் பாஜி போலப் பக்கோடா அல்ல. ‘பிரிஞ்சல்’ என்ற நம்மூர் ஆங்கிலச் சொல்லைக் கத்தரிக்காய்க்கு பெரும்பாலும் இந்த மெனுக்களில்தான் இந்த நாட்டில் பார்ப்பீர்கள். பூண்டு பொன்னிறமாகத் தாளித்த தட்கா தால் எல்லா இடத்திலும் நம்பத் தகுந்தது. பொரிக்கிற எண்ணெய் அசைவத்துக்கும் பொதுவாக இருக்கலாம், கடுமையான சைவம் என்றால் கேளுங்கள். நானில் சில இடங்களில் முட்டை சேர்ப்பார்கள், அதையும்.

அசைவக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: மெனுவில் ‘மீட்’ என்று மட்டும் இருந்தால் வழக்கமாக அது ஆட்டிறைச்சி, அதுவும் செம்மறி.

தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், அதற்கு விலை உண்டு. ‘டேப் வாட்டர்’ என்று கேளுங்கள். மது விற்கும் உரிமம் உள்ள இடமானால் கேட்பவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கையால் சாப்பிடலாமா என்று யோசிப்பீர்கள். நானைக் கையால் பிய்த்துத்தான் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். சோற்றையும் பிசைந்து சாப்பிட மனமிருந்தால் சாப்பிடுங்கள், உங்களுக்குப் பரிமாறுபவரும் வீட்டில் அப்படித்தான் சாப்பிடுகிறார்.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 10 அல்லது 12.5 சதவீதம் சேர்ந்திருக்கலாம், ஆறு பேருக்கு மேல் போனால் சேர்ப்பது பரவலான பழக்கம். அது பெரும்பாலும் விருப்பத் தொகை, சாப்பாடு மோசமென்றால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் நன்றாக இருந்தால் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில் அந்தக் காசு ஒருநாளும் எங்கள் கைக்கு வந்ததில்லை. அதனால் இந்தச் சட்டம் வந்த அன்று எனக்கு மனம் நிறைந்தது.

சாப்பிடும்போது, ‘எங்க ஊர்ல இப்படி இருக்காது, இது ஒரிஜினல் இல்ல’ என்று சொல்லத் தோன்றும். நானும் முதல் வருடம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடை மூடியபின் சமையலறையில் ஊழியர்களுக்காகச் செய்த குழம்பைக் கொடுத்தார்கள். ஷாட்கொரா என்ற சில்ஹெட் எலுமிச்சை வகையின் தடித்த தோலைப் போட்டுக் கொதித்த ஆட்டுக்கறி. லேசான கசப்பு, நாரத்தங்காய் வாசனை, மெல்லிய சாறு. பேஸ் கிரேவியின் சாயலே இல்லை. இவர்களும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை மெனுவுக்கு வெளியே வைத்துவிட்டு, அடுத்தவருக்குப் பிடித்ததைத்தான் இத்தனை வருடமாகச் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. அதன்பின் ‘ஒரிஜினல்’ பேச்சை நான் எடுத்ததில்லை. இப்போது சில உணவகங்களில் ‘ஷாட்கொரா’ என்றோ, சில்ஹெட்டின் கடுங்கார மிளகாய் போட்ட ‘நாகா’ என்றோ மெனுவிலேயே இருக்கிறது. இருந்தால் அசைவக்காரர்களுக்கு ஒரு ஷாட்கொரா சொல்லுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் ‘பாய், உங்க வீட்டுச் சாப்பாடு ஏதாவது இருக்கா’ என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைந்த நாளானால் கிடைக்கும்.

இட்லி, தோசை ஏக்கத்துக்கு இந்த இடம் பதில் சொல்லாது. அதற்கு லண்டன் போகும்போது ஈஸ்ட் ஹாமுக்கோ, டூட்டிங்குக்கோ, வெம்பிளி ஈலிங் ரோட்டுக்கோ போங்கள். நம்மவர்களும் ஈழத்தமிழர்களும் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கொத்து ரொட்டிச் சத்தம் தெருவில் கேட்கும்.

போவதற்கு முன் அந்த உணவகத்தின் சுகாதார மதிப்பெண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், 0 முதல் 5 வரை இருக்கும். இங்கிலாந்தில் அதை வாசலில் ஒட்டுவது கட்டாயமில்லை, அதனால் ஒட்டாத கடை என்றால் கட்டாயம் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு ஏழு பேருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள், இன்றைக்கே ஐந்தரைக்குள் போன் பண்ணுங்கள், எட்டு மணிக்குப் பண்ணினால் எடுப்பவருக்குப் பேச நேரம் இருக்காது. எத்தனை பேர், எத்தனை மணி, நட்ஸ் அலர்ஜி, இந்த மூன்றையும் அந்த ஒரே அழைப்பில் சொல்லி, எழுதிக்கொண்டார்களா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.